கடைப் பெயர்ப்பலகை: விதிகள் சொல்வதும் நாம் செய்ய வேண்டியதும்

ஒரு கடை தொடங்கும்போது வாடகை பேசுகிறோம், முன்பணம் கொடுக்கிறோம், அலமாரி அடிக்கிறோம், சரக்கு இறக்குகிறோம். பெயர்ப்பலகையைப் பற்றிக் கடைசி நாளில்தான் யோசிக்கிறோம். பொள்ளாச்சியில் ஒரு அச்சகத்தில் சொல்லி, பிளக்ஸில் அடித்து, இரும்புச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, மலைப்பாதையில் ஏற்றிக் கொண்டுவந்து மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். பிறகு ஒரு நாள் அதிகாரி ஒருவர் கடைக்கு முன் வந்து நின்று, பலகையை அண்ணாந்து பார்க்கும்போதுதான் கவலை பிறக்கிறது.

வால்பாறையில் நம் மக்களில் பலர் சிறு வணிகர்கள். தேநீர்க் கடை, பேக்கரி, இறைச்சிக் கடை, துணிக்கடை, கைப்பேசிக் கடை, தேயிலைத் தூளும் மசாலாப் பொருளும் விற்கும் கடை என்று ஓர் அறை, இரண்டு அறைகளில் பிழைப்பு நடத்துபவர்கள். பலகை சம்பந்தமாக நோட்டீஸ் வந்தால் அதை எடுத்துக்கொண்டு நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வருகிறார்கள். அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: "இதற்கு யாரிடம் போய்ப் பதில் சொல்வது?" அந்தக் கேள்விக்கு விடை தேடுவதே இந்த மாதப் பாடம்.

பலகை நம் சுவரில் இருந்தாலும், அது பார்க்கப்படுவது பொதுச் சாலையிலிருந்து. ஆகவே சாலையில் போகிறவருக்கும் அந்தப் பலகையின் மேல் மூன்று உரிமைகள் உண்டு. அவர் அதைப் படிக்க முடிய வேண்டும். அது அவர் தலையில் விழக் கூடாது. அவருடைய வழியையும் பார்வையையும் அது மறைக்கக் கூடாது. பெயர்ப்பலகை பற்றிய நியாயமான விதிகள் எல்லாம் இந்த மூன்றில் ஒன்றுக்குள் அடங்கிவிடும். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் எந்த விதி எதற்காக இருக்கிறது என்பதும் புரியும். விதியை மாற்றி எழுதும் காலம் வந்தால் எதை ஏற்கலாம், எதைக் கேள்வி கேட்கலாம் என்பதும் புரியும்.

நான்கு அலுவலகங்கள், நான்கு விதிகள்

முதலில் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஒரே பலகையை நான்கு துறைகள் நான்கு கோணத்தில் பார்க்கின்றன.

பலகையில் தமிழ் இருக்கிறதா, முதலில் இருக்கிறதா என்று பார்ப்பது தொழிலாளர் துறை. விளம்பரப் பலகை, டிஜிட்டல் பேனர் ஆகியவற்றுக்கு அனுமதி பெறப்பட்டிருக்கிறதா என்பது நகராட்சியின் பொறுப்பு. கடைக்கான தொழில் உரிமமும் அங்கேதான். பலகையும் அதன் கால்களும் சாலை ஓரத்து நிலத்தில் நிற்கின்றனவா என்று நெடுஞ்சாலைத் துறை பார்க்கும். நான்காவதைப் பலர் அறிவதில்லை. ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற வணிகர் தம் பதிவு எண்ணைக் கடை வாசலில் உள்ள பெயர்ப்பலகையில் காட்ட வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் ஜி.எஸ்.டி. விதிகளில் 18-ஆவது விதி சொல்கிறது. தொகுப்பு வரித் திட்டத்தில், அதாவது காம்போசிஷன் முறையில் வரி கட்டுபவர், தாம் அந்தத் திட்டத்தில் இருப்பவர் என்பதையும் பலகையில் எழுதிவைக்க வேண்டும். வாங்குபவரிடம் தனியாக வரி வசூலிக்க அவருக்கு உரிமை இல்லை என்பதை வாங்குபவர் தெரிந்துகொள்வதற்காக ஏற்பட்ட விதி இது.

நோட்டீஸ் வந்தால் அதன் தலைப்பில் எந்தத் துறையின் பெயர் இருக்கிறது, எந்தச் சட்டம், எந்த விதி குறிப்பிடப்பட்டிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். தொழிலாளர் துறை நோட்டீசுக்கு நகராட்சியில் போய் நிற்பதால் நாள்தான் வீணாகும்.

தமிழுக்கு முதல் இடம்

தமிழ்நாட்டில் கடைப் பெயர் தமிழில் இருக்க வேண்டும் என்பது புதிதாக வந்த கட்டளை அல்ல. 1948-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகளில் 15-ஆவது விதி இதைச் சொல்கிறது. உணவகங்களுக்கு 1959-ஆம் ஆண்டின் உணவு நிறுவனங்கள் விதிகளிலும் இதே ஏற்பாடு உண்டு. பெயர்ப்பலகை தமிழில் இருக்க வேண்டும். வேறு மொழிகளும் இருந்தால் அவை தமிழுக்குக் கீழே வர வேண்டும். தமிழுக்கே அதிக இடம் தர வேண்டும். அந்த இடத்தின் கணக்கு 5:3:2. அதாவது தமிழுக்கு ஐந்து பங்கு, ஆங்கிலத்துக்கு மூன்று பங்கு, பிற மொழிக்கு இரண்டு பங்கு.

விதி பழையது என்றாலும் நடைமுறையில் நெடுங்காலம் தளர்வாகவே இருந்தது. 2025-இல் அரசு இதை முடுக்கிவிட்டது. மாவட்ட ஆட்சியர் தலைமையில் குழுக்கள் அமைக்கப்பட்டன. பல மாவட்டங்களில் மே 15-ஆம் தேதிக்குள் பலகையை மாற்ற வேண்டும் என்று நாள் குறிக்கப்பட்டது. தவறினால் 2,000 ரூபாய் வரை அபராதம் என்றும் அறிவிக்கப்பட்டது. பெரிய நிறுவனத்துக்கு அது ஒரு தேநீர்ச் செலவு. காலையில் பால் வாங்கக் கடன் சொல்லும் கடைக்காரருக்கு அது ஒரு வாரத்து மிச்சம்.

5:3:2 என்பதைக் கணக்காகப் பார்த்தால் பயம் போய்விடும். பலகையின் உயரம் 36 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். தமிழுக்கு 18 அங்குலம், ஆங்கிலத்துக்கு ஏறத்தாழ 11 அங்குலம், மூன்றாவது மொழிக்கு ஏறத்தாழ 7 அங்குலம். தமிழும் ஆங்கிலமும் மட்டும் போதும் என்றால் எட்டுப் பங்காகப் பிரித்து, தமிழுக்கு ஐந்து பங்கு, ஆங்கிலத்துக்கு மூன்று பங்கு கொடுக்கலாம். 36 அங்குலப் பலகையில் அது இருபத்திரண்டரை அங்குலமும் பதிமூன்றரை அங்குலமும் ஆகும். அச்சகத்தாரிடம் இந்த எண்களையே எழுதிக் கொடுத்துவிடுங்கள். "தமிழும் போடுங்கள்" என்று மட்டும் சொன்னால், ஆங்கிலத்தைப் பெரிதாக அடித்து, ஓரத்தில் தமிழைக் கடுகு அளவில் போட்டுத் தருவார்கள். அப்படிப்பட்ட பலகை இருந்தும் இல்லாதது போலத்தான்.

இந்த முறை நம் மாநிலத்துக்கு மட்டும் உரியதும் அல்ல. கர்நாடகத்தில் பலகையின் 60 விழுக்காடு கன்னடத்தில் இருக்க வேண்டும் என்று 2024-இல் சட்டம் திருத்தப்பட்டது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 2025 ஜூன் 1 முதல் கடை முகப்பில் பிரெஞ்சு மொழிக்கு மற்ற மொழிகளைப்போல் இரண்டு மடங்கு இடம் தர வேண்டும். எந்த ஊரில் வணிகம் செய்கிறோமோ அந்த ஊரின் மொழியில் நம்மை அறிமுகப்படுத்திக்கொள்வது வணிகருக்கும் நல்லதுதான். தேயிலை பறித்துவிட்டு மாலையில் கடைத்தெருவுக்கு வரும் ஒரு பெரியம்மா எழுத்துக் கூட்டிப் படிக்கும் மொழி தமிழ். நம் வாடிக்கையாளர் அவர்.

மற்ற எழுத்துகளுக்கு இடம் உண்டா?

நம் மக்களில் சிலர் கேட்கும் சந்தேகம் ஒன்று உண்டு. பலகையில் அரபி எழுத்தோ உருது எழுத்தோ இருந்தால் குற்றமா? மலையாளம் எழுதலாமா? மேலே சொன்ன விதியே இதற்கு விடை. தமிழ் மேலே, அதிக இடத்தில் இருந்தால், அதன் கீழே பிற மொழிகளுக்குத் தடை இல்லை. மளுக்கப்பாறை வழியாக வரும் கேரளப் பயணிகளுக்காக மலையாளம் எழுதலாம். எஸ்டேட்டுகளில் வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளர்களுக்காக இந்தியும் எழுதலாம். இரண்டு பங்கு இடத்தை எந்த மொழிக்குக் கொடுப்பது என்பதை உங்கள் கடைக்கு யார் வருகிறார்கள் என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 15 அன்று வழங்கிய ஒரு தீர்ப்பை இங்கே நினைவில் கொள்ளலாம். மகாராஷ்டிரத்தின் அகோலா மாவட்டத்தில் பாத்தூர் நகராட்சிக் கட்டடத்தின் பெயர்ப்பலகையில் மராத்திக்குக் கீழே உருதுவும் எழுதப்பட்டிருந்தது. உருதுவை நீக்க வேண்டும் என்று முன்னாள் உறுப்பினர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். மாநிலத்தின் மொழிச் சட்டம் மராத்தியைக் கட்டாயமாக்குகிறதே தவிரக் கூடுதலாக இன்னொரு மொழியை எழுதுவதைத் தடுக்கவில்லை என்று நீதிமன்றம் கூறி, மனுவைத் தள்ளுபடி செய்தது. மொழி மதமாகாது என்றும், உள்ளூர் மக்களுக்குச் செய்தி போய்ச் சேர்வதே நகராட்சிப் பலகையின் நோக்கம் என்றும் அந்தத் தீர்ப்பு விளக்கியது. அது கடைப் பலகை பற்றிய வழக்கு அல்ல; நகராட்சிப் பலகை பற்றியது. ஆனால் அது தரும் பாடம் இரண்டுக்கும் பொருந்தும். ஊர் மொழிக்கு உரிய இடத்தைக் கொடுத்துவிட்டால், மற்ற மொழி யாருக்கும் பகை ஆகாது.

அதே சமயம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'ஹலால்' என்று அரபியில் மட்டும் எழுதினால் அதைப் படிக்கத் தெரிந்தவர் நம் தெருவில் எத்தனை பேர்? தமிழில் எழுதினால் எல்லோரும் படிப்பார்கள். கடையின் தகவல் எதுவானாலும் முதலில் தமிழில் வரட்டும். எழுத்துத் தெரியாதவருக்காக ஒரு படமும் சேர்க்கலாம். சாவி பழுது பார்ப்பவர் சாவிப் படத்தையும், தையல்காரர் கத்தரிக்கோலையும் வரைந்துவைத்தால் போதும்.

படம் என்றதும் ஓர் எச்சரிக்கை. மருத்துவமனை, மருந்துக் கடை, ஆம்புலன்ஸ் ஆகியவற்றில் வெள்ளைப் பின்னணியில் சிவப்புச் சிலுவைக் குறியை எல்லோரும் போடுகிறார்கள். நம்மவர் நடத்தும் மருத்துவ உதவி அமைப்புகள் சில இடங்களில் சிவப்புப் பிறையைப் போடுவதும் உண்டு. இவ்விரண்டும் போர்க்களத்தில் மருத்துவப் பணியாளர்களைக் காப்பதற்காக உலக நாடுகள் ஒப்புக்கொண்ட சின்னங்கள். மத்திய அரசின் அனுமதி இல்லாமல் இவற்றைப் பயன்படுத்துவதை 1960-ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டம் தடை செய்கிறது. பழக்கத்தால் போட்டிருந்தால், அடுத்த முறை பலகை எழுதும்போது வேறு நிறத்தில் வேறு குறியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

விழும் பலகை

மொழி பற்றிய விதியை மீறினால் அபராதம். பாதுகாப்பு விதியை மீறினால் உயிர்.

நம் கோவை மாவட்டமே இதற்குச் சாட்சி. 2017 நவம்பரில் கோவை அவிநாசி சாலையில் ஒரு விழாவுக்காக வைக்கப்பட்ட மர அலங்கார வளைவு அமைப்பில் இரவு நேரத்தில் இரு சக்கர வாகனம் மோதி, ஒரு இளம் பொறியாளர் இறந்தார். 2023 ஜூன் 1 அன்று கருமத்தம்பட்டி அருகே விளம்பரப் பலகையின் இரும்புச் சட்டம் பலத்த காற்றில் சரிந்து, அதன் மேல் ஏறி வேலை செய்துகொண்டிருந்த மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். இடையில் 2019 செப்டம்பர் 12 அன்று சென்னை பள்ளிக்கரணையில் சாலை நடுவே கட்டியிருந்த பேனர் ஒன்று இரு சக்கர வாகனத்தில் போன இளம்பெண்ணின் மேல் விழுந்தது. தடுமாறிக் கீழே விழுந்த அவர் மேல் பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. 2024 மே 13 அன்று மும்பை காட்கோபரில் 120 அடிக்கு 120 அடி அளவுள்ள விளம்பரப் பலகை பெட்ரோல் நிலையத்தின் மேல் சாய்ந்து 17 பேர் இறந்தனர். அந்த நகரில் அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச அளவு 40 அடிக்கு 40 அடிதான்.

கருமத்தம்பட்டி நிகழ்வுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு விதிகளை மீண்டும் நினைவூட்டியது. 1998-ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும், 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த அதன் விதிகளும் இப்போது இதற்கு அடிப்படை. உரிமம் இல்லாமல் விளம்பரப் பலகை வைத்தால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பலகை விழுந்து யாருக்காவது பாதிப்பு ஏற்பட்டால் இழப்பீட்டுப் பொறுப்பு பலகை வைத்த நிறுவனத்தோடு நிற்பதில்லை. இடத்தைக் கொடுத்த உரிமையாளரையும் சேர்கிறது.

இந்தக் கடைசி வரியை நம் கட்டட உரிமையாளர்கள் இரண்டு முறை படிக்க வேண்டும். "மாடியில் ஒரு போர்டு வைத்துக்கொள்கிறோம், மாதம் இவ்வளவு தருகிறோம்" என்று ஒருவர் வந்து கேட்டால், உரிமத்தின் நகலைக் கையில் வாங்காமல் சம்மதிக்க வேண்டாம். கடையின் பெயரைச் சொல்லும் பலகை ஒன்று. வேறொரு பொருளை விளம்பரப்படுத்த மாடியிலோ சாலை ஓரத்திலோ சட்டம் கட்டி வைக்கும் பலகை வேறு. பின்னது சிறியதாக இருந்தாலும் விளம்பரப் பலகைதான். குளிர்பான நிறுவனமோ கைப்பேசி நிறுவனமோ இலவசமாகப் பலகை தருகிறது என்றால், அதில் உங்கள் கடைப் பெயர் மூலையில் இருக்கும். அவர்கள் விளம்பரம் நடுவில் இருக்கும். நோட்டீஸ் வரும்போது அது உங்கள் பெயருக்குத்தான் வரும்.

திருமணம், மஜ்லிஸ், பெருநாள் வாழ்த்து, இரங்கல் என்று நாம் வைக்கும் டிஜிட்டல் பேனர்களுக்கும் முன் அனுமதி வேண்டும். பள்ளிகள், வழிபாட்டிடங்கள், மருத்துவமனைகள் ஆகியவற்றின் முன்பும், சாலைச் சந்திப்புகளிலும் விளம்பரப் பலகை வைக்கக் கூடாது என்பது நெடுங்காலமாக உள்ள ஏற்பாடு. பள்ளிவாசல் வாசலுக்கும் அது பொருந்தும். பாதையில் துன்பம் தருவதை அகற்றுவது தர்மம் என்று மதரஸாவில் சிறு பிள்ளைகளாக இருந்தபோதே படித்தோம். அகற்ற வேண்டியதை நாமே கொண்டுபோய் வைக்கலாமா?

மலை ஊருக்கு உரிய கவனம்

சமவெளி ஊருக்கு எழுதிய விதி மலை ஊருக்கு அப்படியே போதாது. வால்பாறையில் தென்மேற்குப் பருவமழை ஜூனில் பிடித்தால் செப்டம்பர் வரை விடுவதில்லை. சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே மிக அதிகமாக மழை பெறும் இடங்களில் ஒன்று. இங்கே இரும்புச் சட்டம் வேகமாகத் துருப்பிடிக்கும். மரத்தில் அடித்த ஆணி ஊறித் தளரும். காற்றில் படபடக்கும் பிளக்ஸ் கிழிந்து மின்கம்பியில் சிக்கும். ஆகவே ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில், மழைக்கு முன், பலகையின் பிடிமானத்தை ஒரு முறை ஆள் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

கிழிந்த பிளக்ஸ் ஓடையிலும் தேயிலைக் காட்டிலும் போய்க் கிடக்கும். நம்மைச் சுற்றி இருப்பது ஆனைமலைப் புலிகள் காப்பகம். 100 மைக்ரானுக்குக் குறைவான தடிமன் உள்ள பிளாஸ்டிக், பி.வி.சி. பேனர்களை மத்திய அரசு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்திருக்கிறது. தகரத்தில் வண்ணம் தீட்டி எழுதிய பலகை இதற்கு நல்ல மாற்று. முதலில் செலவு கூடுதலாகத் தெரிந்தாலும் மழை தாங்கும். எழுத்து மங்கினால் மேலே ஒரு பூச்சுப் பூசிக்கொள்ளலாம். பிளக்ஸ் வந்த பிறகு கைவேலை இழந்த ஓவியர்களுக்கும் நாலு நாள் கூலி கிடைக்கும்.

விளக்கு பற்றியும் யோசிக்க வேண்டும். வால்பாறையில் யானை நடமாட்டத்தை அறிவிக்கச் சிவப்பு எல்.இ.டி. விளக்குகள் பல இடங்களில் உயரத்தில் பொருத்தப்பட்டிருக்கின்றன. இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆய்வாளர்களும் ஊர் மக்களும் வனத்துறையும் சேர்ந்து உருவாக்கிய ஏற்பாடு இது. அருகில் யானை இருந்தால், அந்தப் பகுதியில் பொறுப்பேற்றவர் கைப்பேசி வழியாக விளக்கை எரிய வைப்பார். வேலை முடிந்து இருட்டில் லயத்துக்கு நடந்து போகும் தொழிலாளி அந்தச் சிவப்பைத் தூரத்திலிருந்தே பார்த்து நின்றுவிடுவார். ஆக, நம் ஊரில் உயரத்தில் எரியும் சிவப்பு விளக்குக்கு ஏற்கெனவே ஒரு பொருள் இருக்கிறது. கடை மாடியில் சிவப்பு விளக்கை மின்னவிட்டால் அந்தப் பொருள் கலங்கிப்போகும். பலகைக்கு வெளிச்சம் வேண்டுமென்றால், மேலிருந்து கீழ்நோக்கி விழும் வெள்ளை அல்லது மஞ்சள் விளக்கு போதும். கடையடைத்ததும் அதை அணைத்துவிடலாம்.

பொள்ளாச்சியிலிருந்து நம் ஊர் வரையுள்ள 40 கொண்டை ஊசி வளைவுகளிலும், ஊருக்குள் உள்ள திருப்பங்களிலும், எதிரே வரும் பேருந்தை மறைக்கும் பலகை எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆபத்து. புதுத்தோட்டம் பகுதியில் சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்கின்றன. 'மெதுவாகச் செல்லவும்' என்ற பலகையை ஒரு விடுதி விளம்பரம் மறைத்தால் யார் பொறுப்பு?

பிற ஊர்களின் அனுபவம்

கடைகளின் முகப்பைக் கட்டுப்படுத்துவது இந்தக் காலத்து அதிகாரிகள் கண்டுபிடித்தது அல்ல. 11-ஆம் நூற்றாண்டு அறிஞர் இமாம் மாவர்தீ ஆட்சிமுறை பற்றி எழுதிய நூலில், சந்தையைக் கண்காணிக்கும் முஹ்தஸிபின் கடமைகளில் ஒன்றாக, பொதுவழியை நெருக்கும் கட்டுமானங்களைத் தடுப்பதையும் சேர்த்திருக்கிறார். எடையும் அளவும் சரியாக இருக்கிறதா என்று பார்த்த அதே அலுவலரே வழி திறந்திருக்கிறதா என்றும் பார்த்தார்.

லண்டனில் கடைகள் வீட்டு எண் இல்லாத காலத்தில் படப் பலகைகளால் அடையாளம் காணப்பட்டன. ஒருவரைவிட ஒருவர் பெரிதாகச் செய்து தெருவின் நடு வரை நீட்டினார்கள். 1718-இல் ஒரு கனமான பலகை விழுந்து, சுவரையும் இழுத்துக்கொண்டு, நான்கு பேரைக் கொன்றது. 1762-இல் வெஸ்ட்மின்ஸ்டர் பகுதியில் பலகைகளைச் சுவரோடு ஒட்டித்தான் மாட்ட வேண்டும் என்று விதி வந்தது. விபத்துக்கும் விதிக்கும் நடுவில் 44 ஆண்டுகள் போயின.

பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரம் 2007-இல் 'தூய நகரம்' என்ற சட்டத்தை நடைமுறைப்படுத்தி, ஏறத்தாழ 15,000 பெரிய விளம்பரப் பலகைகளை அகற்றியது. கடைகளுக்கு முகப்பின் அகலத்தைப் பொறுத்து அளவு வைத்தார்கள். பத்து மீட்டருக்குக் குறைவான முகப்பு என்றால் ஒன்றரைச் சதுர மீட்டர் பலகை. கடைக்காரர்கள் முதலில் எதிர்த்தார்கள். ஆனால் எல்லோருக்கும் அளவு வந்தபோது, பணக்காரக் கடையின் பெரிய பலகைக்குப் பின்னால் சின்னக் கடை மறைந்துபோவதும் நின்றது. அளவு விதி சிறியவனுக்குப் பாதுகாப்பாகவும் அமையலாம்.

விதிக்கும் ஓர் எல்லை உண்டு

பலகையில் எதை எழுதச் சொல்லலாம் என்பதற்கும் வரம்பு இருக்கிறது. 2024 ஜூலையில் உத்தரப் பிரதேசம், உத்தராகண்ட் மாநிலங்களில் காவடி யாத்திரை செல்லும் வழியில் உள்ள உணவுக் கடைகள் உரிமையாளரின் பெயரை எழுதிவைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஜூலை 22 அன்று உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. என்ன வகை உணவு கிடைக்கும் என்று எழுதச் சொல்லலாம். உரிமையாளரின், பணியாளரின் பெயரை எழுதக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று கூறியது.

நாம் முதலில் சொன்ன மூன்று உரிமைகளை வைத்து இதை உரசிப் பாருங்கள். உண்ணப் போகிறவருக்கு உணவு சைவமா அசைவமா என்று தெரிய வேண்டும். அது அவர் படித்தறிய வேண்டிய செய்தி. சமைத்தவர் யார் வீட்டுப் பிள்ளை என்பது அந்தக் கணக்கில் வராது. அடிப்படை தெரிந்தால், கோபப்படாமலும் பயப்படாமலும் ஒரு விதியை எடைபோட முடியும்.

மறுஆய்வு நடக்கும்போது எங்கே பேசுவது?

விதிகள் காலத்துக்குக் காலம் மாறும். மாறும்போது நம் குரல் அங்கே இருக்க வேண்டும். அபராதச் சீட்டு வந்த பிறகு பேசுவதைவிட, விதி எழுதப்படும்போது பேசுவது எளிது.

தமிழ்நாட்டு நகர்ப்புறங்களில் வார்டு குழுவும் பகுதி சபையும் அமைக்க 2022-இல் விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று பகுதி சபைகள் முதன்முதலாகக் கூடின. நம் நகராட்சியில் 21 வார்டுகள் உள்ளன. உங்கள் வார்டின் பகுதி சபை கூடும்போது வணிகர்களும் போய் உட்கார வேண்டும். தெருவோர வணிகர்களுக்கு 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி நகர விற்பனைக் குழு உண்டு. அதில் குறைந்தது 40 விழுக்காடு உறுப்பினர்கள் தெருவோர வணிகர்களாகவே இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள்.

இத்தகைய இடங்களில் நாம் கேட்கத்தக்கவை இவை:

1. ஓர் அறைக் கடைக்கும் பல மாடி நிறுவனத்துக்கும் ஒரே அபராதம், ஒரே கட்டணம் வேண்டாம். கடையின் அளவுக்கு ஏற்றபடி இருக்கட்டும்.

2. பலகையை மாற்றப் போதிய அவகாசம் வேண்டும். மழைக்காலத்தில் ஏணி வைத்து ஏறச் செய்யும் கெடு மலை ஊருக்குப் பொருந்தாது.

3. மொழி அளவு, பலகை அளவு, விளக்கு, பிடிமானம் எல்லாவற்றையும் படத்துடன் ஒரே தாளில் தமிழில் அச்சிட்டு நகராட்சி தர வேண்டும்.

4. யானை எச்சரிக்கை விளக்குகளுக்கு அருகிலும், சாலைத் திருப்பங்களிலும், விலங்குகள் கடக்கும் இடங்களிலும் விளம்பரப் பலகைக்கு அனுமதி கூடாது. இது வணிகர்களாகிய நாமே முன்வந்து கேட்க வேண்டியது. அப்போதுதான் மற்ற மூன்றையும் கேட்கும்போது நம் சொல்லுக்கு மதிப்பு இருக்கும்.

இந்த மாதமே செய்யக்கூடியவை

கடைக்கு வெளியே வந்து, சாலையின் எதிர்ப்பக்கத்தில் நின்று, உங்கள் பலகையை வாடிக்கையாளரின் கண்ணால் ஒரு முறை பாருங்கள். தமிழ் மேலே இருக்கிறதா? தூரத்திலிருந்து படிக்க முடிகிறதா? ஓர் அளவு நாடாவை எடுத்து 5:3:2 வருகிறதா என்று பாருங்கள். ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் எண் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஆணியையும் சட்டத்தையும் ஆட்டிப் பாருங்கள். பலகையின் கால் சாலை ஓரத்திலோ சாக்கடை மேலோ நின்றால், யாரும் சொல்வதற்கு முன் உள்ளே எடுத்துவிடுங்கள். நடைபாதையில் வைக்கும் மடக்குப் பலகைக்கும் இதே நியாயம்தான். கண் தெரியாதவரும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் தாயும் அதைச் சுற்றிக்கொண்டு சாலையில் இறங்க நேரக் கூடாது.

அதிகாரி வந்தால் மரியாதையாகப் பேசுங்கள். குறை என்ன என்று எழுத்தில் கேளுங்கள். தேதியையும் விதி எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். ரசீது இல்லாமல் யாரிடமும் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். சரிசெய்த பின் படம் எடுத்து, பதிலுடன் இணைத்துக் கொடுத்து, ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதப் படிக்கச் சிரமப்படும் வணிகர்கள் நோட்டீசை எடுத்துக்கொண்டு நம் அலுவலகத்துக்கு வாருங்கள். பதில் எழுதித் தருகிறோம். வயதான வணிகர்கள், கணவரை இழந்து தனியே கடை நடத்தும் சகோதரிகள் ஆகியோருக்குப் பலகை மாற்றும் செலவு பாரமாக இருந்தால் அதையும் தயங்காமல் சொல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், நல்ல ஓவியர் ஒருவரை வைத்து, நம்மால் இயன்ற அளவு தகரப் பலகைகள் எழுதித்தர முயல்வோம். மழை பிடிப்பதற்குள் வந்து சொன்னால் வேலைக்கு வசதியாக இருக்கும்.